கடைசியா எவ்வளவு?

தணிகைவேலுக்கு ஒரே ஒரு தொழில்தான் தெரியும். யாருக்கும் புரியாதபடி எழுதுவது. கவிஞர்கள் சிலரும் இதைச் செய்கிறார்கள் என்றாலும் அவர்களுக்கு பி.எஃப். பிடிப்பதில்லை. தணிகைவேலுக்குப் பிடித்தார்கள். வானலை தொலைபேசி நிறுவனத்தின் சென்னைத் தலைமை அலுவலகத்தில், ஏழாவது மாடியில், பத்தொன்பது வருடங்களாக அவன் டேட்டா திட்டங்களுக்கு வாசகம் எழுதி வந்தான்.

'நாளொன்றுக்கு இரண்டு ஜிபி வரையிலான வரம்பற்ற டேட்டா' என்ற வாக்கியம் அவன் எழுதியதுதான். நாடு முழுக்கப் பல கோடிப் பேர் அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டினார்கள். இரண்டு ஜிபி வரை என்றால் அது எப்படி வரம்பற்றது என்று ஒருவர்கூடக் கடிதம் போடவில்லை. அந்த வருடம் தணிகைவேலுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள்.

பிறகு புரிமானி வந்தது. பார்க்க ஹெல்மெட் மாதிரி இருக்கும், உச்சியில் ஒரு சின்ன பல்பு. தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு விஷயத்தைக் கேட்டால், கேட்டது உண்மையிலேயே புரிந்திருந்தால் பச்சை எரியும், இல்லாவிட்டால் சிவப்பு. வந்த புதிதில் ஜனங்கள் இதை வைத்துக்கொண்டு ஆடாத ஆட்டம் ஆடிவிட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் திரிகோணமிதி வகுப்பு முழுக்கச் சிவப்பாக எரிந்தது. அதுகூடப் பரவாயில்லை, வாத்தியார் தலையிலும் சிவப்பு. ஒரு பொதுக்கூட்டத்தில் தலைவரின் பேச்சைக் கேட்ட நாலாயிரம் பேருக்கும் சிவப்பு, எழுதிக் கொடுத்ததைப் படித்த தலைவருக்கும் சிவப்பு. கல்யாணப் பேச்சுகள் நின்றன. டாக்டர்கள் சங்கம் போராட்டம் அறிவித்தது. கடைசியில் அரசாங்கம், புரிமானியை விலைப்பட்டியல் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது என்று தடை போட்டுவிட்டது. இன்டர்நெட் விலை யாருக்கும் புரியவில்லை என்ற புகார் மலை போலக் குவிந்திருந்ததால் அதிலிருந்து ஆரம்பித்தார்கள்.

சட்டம் எளிமையானது. குலுக்கலில் தேர்ந்தெடுத்த ஒரு சாதாரண ஆள், புரிமானியை மாட்டிக்கொண்டு திட்டத்தின் ஒவ்வொரு வரியையும் கேட்க வேண்டும். எல்லா வரிக்கும் பச்சை எரிந்தால்தான் அந்தத் திட்டத்தை விற்கலாம்.

வானலையின் நாற்பத்தேழு திட்டங்களில் நாற்பத்தாறு ஊற்றிக்கொண்டன. மிச்சமிருந்தது 449 ரூபாய்த் திட்டம் ஒன்றுதான். கெடு இன்று மாலை ஐந்து மணி. அதற்குள் ஒரு திட்டமாவது தேறாவிட்டால் நாளை முதல் வானலை ஒருவருக்குக்கூட ரீசார்ஜ் செய்ய முடியாது.

"இது பாஸ் ஆகலைன்னா, தணிகை, நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார் விஸ்வேஸ்வரன். விற்பனைப் பிரிவுக்குத் தலைவர். கெட்ட செய்தியையும் சிரித்துக்கொண்டே சொல்லும் பழக்கம் உள்ளவர்.

தணிகைவேல் கணக்குப் போட்டுப் பார்த்தான். மகள் பிளஸ் டூ. வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருடம். நாற்பத்து மூன்று வயதில், புரியாமல் எழுதத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு எங்கே போய் வேலை கேட்பது?

மதியம் இரண்டு மணிக்குத் தெளிவு ஆணையத்தின் அதிகாரி ஜெனிபர் ஞானதீபம் புரிமானியை ஒரு தூக்குப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். குலுக்கலில் வந்த ஆளும் கூடவே வந்தாள். காசிமேட்டு மீன்கடைக்காரி தேசம்மா. ஐம்பது வயதிருக்கும். உட்காருவதற்கு முன்பே கிளம்பும் அவசரத்தில் இருந்தாள்.

"சீக்கிரம் உடு சார். கூடையை நாத்தனா கைல குட்த்துட்டு வந்துகீறேன். அவ இளிச்சவாய். எவன் கேட்டாலும் கேட்ட வெலைக்குத் தூக்கிக் குட்த்துருவா."

"அஞ்சே நிமிஷம்மா" என்றான் தணிகைவேல்.

ஜெனிபர் அவள் தலையில் புரிமானியை மாட்டினாள். தணிகைவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியைப் படித்தான். அதில் மாதாந்திரம் என்றும் நியாயமான பயன்பாட்டுக் கொள்கை என்றும் வார இறுதிப் பெருக்கம் என்றும் வந்தது. 'உட்பட்டு' என்ற சொல் மூன்று முறை வந்தது.

"புரிஞ்சிதுங்களாம்மா?"

"ஓ, நல்லாப் புரிஞ்சிது சார்" என்றாள் தேசம்மா, கணீரென்று.

பல்பு மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்தது.

"அம்மா, புரியலைன்னா புரியலைன்னே சொல்லுங்க. தப்பில்லை" என்றாள் ஜெனிபர்.

"எப்பிடிம்மா சொல்றது? இவ்ளோ நேரம் மூச்சு வாங்கப் படிக்கிறாரு. மூஞ்சிக்கு நேரா புரிலன்னா மனசு நோவாது?" தேசம்மா நியாயத்தைத்தான் சொன்னாள். நம் ஊரில் பாதிக் கையெழுத்துகள் இந்த மரியாதைக்காகவே போடப்பட்டவை. "ஆனா ஒண்ணு. எனக்கு இன்னாவோ இந்த மிசின் மேலதான் டவுட்டா கீது. எழுதினவரு தலைல வெச்சுப் பாரு. அவருக்குப் பச்சை எரியணும்ல?"

ஜெனிபருக்கு அது சரியாகப் பட்டது. புரிமானி தணிகைவேலின் தலைக்கு மாறியது. அவன் எழுதிய வரியை அவனுக்கே படித்துக் காட்டினாள். சிவப்பு.

"நான்சென்ஸ், இங்கே கொடுங்க" என்று விஸ்வேஸ்வரன் பிடுங்கி மாட்டிக்கொண்டார். அவருக்கு இன்னும் கொஞ்சம் அடர்த்தியான சிவப்பு.

"இந்த வார இறுதிப் பெருக்கம்னா என்ன?" என்று கேட்டாள் ஜெனிபர்.

"அது நான் எழுதினதில்லை மேடம். எனக்கு முன்னால இருந்தவர் எழுதினது" என்றான் தணிகைவேல்.

"அவருக்குப் புரிஞ்சுதா?"

"அவர் அவருக்கு முன்னால இருந்தவரைக் கேட்டிருக்கார். அவர், 'அதுல கை வைக்காதே, ஏதோ காரணமாத்தான் இருக்கும்'னு சொன்னாராம்."

தேசம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தணிகைவேலுக்குக் காது சூடாகிவிட்டது. அவன் தன் எழுத்து பிறருக்குப் புரியாது என்பதில் பெருமைப்பட்டதுண்டு. தனக்கும் புரியவில்லை என்பது அவனுக்குப் புதிய செய்தி.

"சரி, அத்த உடு. ஒண்ணொண்ணா வா" என்று தேசம்மாவே தலைமை ஏற்றாள். புரிமானி மறுபடி அவள் தலைக்கு வந்தது. "மாசம்னு சொன்னியே, எத்தினி நாளு?"

"இருபத்தெட்டு."

"எல்லா மாசமுமா?"

"ஆமா."

"அமாவாசைக்கு அமாவாசையே இருபத்தொம்பதரை நாளு ஆவுது. கடல்ல போறவனைக் கேளு. உனக்குன்னு தனியா ஒரு நிலா உட்டுருக்காங்களா?"

தணிகைவேல் விஸ்வேஸ்வரனைப் பார்த்தான். விஸ்வேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். 'மாதம்' அடிபட்டு 'இருபத்தெட்டு நாள்' ஆனது. பச்சை எரிந்தது.

"நாளைக்கு ரெண்டு ஜிபின்னா, ஒரு நாளு நா பாதிதான் பாத்தேன். மிச்சம்?"

"ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போயிடும்."

"எங்க போவுது?"

"எங்கேயும் போகாது. எங்ககிட்டயேதான் இருக்கும்."

"ஓகோ. காசு வாங்கிகினு மீனை வெட்டிக் குட்த்துட்டு, துன்னாம வெச்சா ராத்திரி வந்து எடுத்துகினு பூடுவே. அப்பிடித்தானே?"

அதைவிடத் தெளிவாக அவன் பத்தொன்பது வருடத்தில் எழுதியதில்லை. எழுதிக்கொண்டான். பச்சை.

'நூறு மெகாபிட் வரையிலான வேகம்' என்பதற்கு, "ஒரு கிலோ வரைக்கும்னு சொல்லி நா அரைக் கிலோ போட்டா சும்மா இருப்பியா?" என்றாள். 'வரை' போனது. நியாயமான பயன்பாடு என்பது, அதிகம் பார்த்தால் வேகத்தைக் குறைப்போம் என்று ஆனது. வார இறுதிப் பெருக்கத்தை யாரிடம் கேட்பது என்றே தெரியாததால் அதையும் அடித்தார்கள். கணினிப் பிரிவுக்கு போன் போட்டு, "அதை எடுத்தா ஏதாவது ஆகுமா?" என்று விசாரித்தார்கள். ஒன்றும் ஆகாது என்று பதில் வந்தது.

நாலரை மணிக்கு, பதினான்கு பக்கத் திட்டம் ஒன்பது வரியாகச் சுருங்கியிருந்தது. எட்டு வரிக்குப் பச்சை. தணிகைவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்துகொண்டிருந்தது. விஸ்வேஸ்வரன் கேசரிக்கு ஆள் அனுப்பினார்.

கடைசி வரியைத் தணிகைவேல் தைரியமாகவே படித்தான். "விலை 449 ரூபாய். இந்த விலை மாறாது."

சிவப்பு.

மறுபடியும் நிறுத்தி நிதானமாகப் படித்தான். மறுபடியும் சிவப்பு.

"இதுல என்னம்மா புரியலை?" அவன் குரல் கிட்டத்தட்ட அழுதது.

"நானூத்தி நாப்பத்தொம்பது. அது புரிஞ்சிது. மாறாதுன்னா?"

"மாறாதுன்னா மாறாது. அந்தப் பணத்தை அப்படியே கட்டணும்."

"சொன்ன வெலைக்கா?"

"ஆமா."

"யாரு குடுப்பா?"

"எல்லாரும் குடுக்கறாங்க."

தேசம்மா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அது எப்பிடி சார்? நா வஞ்சரம் கிலோ எண்ணூறும்பேன். ஆளு நானூறும்பான். நா திட்டுவேன். அவன் கோச்சிக்கினு ரெண்டு அடி போவான். நா கூப்புடுவேன். அறுநூத்தம்பதுல வந்து நிக்கும். அதுக்குப் பேருதான் வெலை. நீ சொன்னது ஆரம்பம்தானே? நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சின்றே. எனக்கு எப்பிடிப் புரியும்?"

"ஆனா நீங்க இத்தனை வருஷம் பேரம் பேசாமதானே போனுக்குக் கட்டினீங்க?"

"அது ஒண்ணியும் புரில, அதான் கட்டினேன். இன்னான்னே தெரியாத பொருளுக்கு எத்த வெச்சுக் கொறைச்சுக் கேக்குறது?"

தணிகைவேல் பேனாவைக் கீழே வைத்தான். அவனுடைய வேலை என்ன என்பதை அவனுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. விலையை மறைப்பது அல்ல அவன் வேலை. விலை எப்போதும் கொட்டை எழுத்தில்தான் இருந்தது. பொருளை மறைப்பதுதான் வேலை. பொருள் தெரியாதவன் பேரம் பேச மாட்டான். பத்தொன்பது வருடம் அவன் நாடு முழுக்க ஜனங்களின் வாயை அடைத்து வைத்திருந்தான். அதற்காகக் கொடுத்த கடிகாரத்தைக் கூடத்தில் வேறு மாட்டியிருந்தான். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"ஏன் மாறாதுன்னு காரணத்தை விளக்குங்க, பச்சை எரிஞ்சா போதும். இல்லைன்னா அந்த வரியை எடுத்துடுங்க" என்றாள் ஜெனிபர். மணி நாலு நாற்பத்தைந்து.

விஸ்வேஸ்வரன் விளக்கிப் பார்த்தார். டவர் வாடகை என்றார், கேபிள் என்றார், முதலீடு என்றார். "ஐஸு, டீசலு, ஆள் கூலி, எல்லாம் எனக்கும்தான் கீது" என்றாள் தேசம்மா. பல்பு அசைந்து கொடுக்கவில்லை. அவர் தணிகைவேலின் காதருகில் குனிந்தார்.

"ஒரு வரிதானே, எடுத்துத் தொலைங்க. கம்பெனியோட எவன் வந்து பேரம் பேசப்போறான்?"

எடுத்தான். 'விலை 449 ரூபாய்' என்பதோடு திட்டம் முடிந்தது. பச்சை எரிந்தது. ஜெனிபர் முத்திரை குத்தினாள். விஸ்வேஸ்வரன் கைதட்டினார், கேசரி வந்தது.

தேசம்மா கேசரியைத் தொடவில்லை. புரிமானியைக் கழற்றவும் இல்லை. நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"சரி, எனக்கு இது ஒண்ணு வேணும். நூறு ரூபாக்கிக் குடு."

விஸ்வேஸ்வரன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஜெனிபர் காகிதத்தைப் புரட்டினாள்.

"சார், முத்திரை குத்தினதுக்கு அப்புறம் இதுல இருக்கிறதுதான் சட்டம். விலை போட்டிருக்கு. மாறாதுன்னு போடலை. வாங்கறவங்க கேட்டா விற்கறவங்க பேசித்தான் ஆகணும்."

"எங்க சிஸ்டத்துல அந்த வசதியே இல்லைங்களே!"

"வாய் இருக்குல்ல?" என்றாள் தேசம்மா.

விஸ்வேஸ்வரனின் சிரிப்பு முதல் முறையாக இறங்கியது. "தணிகை, நீங்க பேசுங்க. அஞ்சு ரூபாய்க்கு மேல இறங்காதீங்க."

தணிகைவேல் ஜென்மத்தில் பேரம் பேசியவன் இல்லை. கத்தரிக்காய்க்குக்கூட அவன் மனைவிதான் பேசுவாள். கைகளைக் கோத்துக்கொண்டு, "நாங்க வாங்கற விலையே நானூத்தி முப்பதும்மா" என்றான்.

சிவப்பு.

"பொய்யைக்கூடக் கண்டுபிடிக்குதா?" என்று விஸ்வேஸ்வரன் பதறினார்.

"இல்லை சார், அது தெரியாது இதுக்கு. அவங்க மண்டையில உட்காரலை, அவ்வளவுதான்" என்றாள் ஜெனிபர்.

"எப்பிடி உக்காரும்? பத்தொம்பது ரூபா லாபத்துல ஏழு மாடி கட்டி, ஏசி போட்டு, கேசரி துன்றீங்களா?" தேசம்மா முன்னால் சாய்ந்தாள். குரல் தணிந்தது. "தம்பி, நா மார்க்கெட்டுல உக்காந்துகினு முப்பது வருசமா பொய் சொல்றேன். எனக்குத் தெரியும். நெசமா எவ்ளோக்கி வுழுது?"

அவனுக்குத் தெரியும். மறைக்கிறவனுக்குத்தானே முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண் வெளியே போனால் வேலை போய்விடும். விஸ்வேஸ்வரன் கண்ணாலேயே அதைச் சொன்னார். மகள் நினைவு வந்தது, வீட்டுக் கடன் நினைவு வந்தது. ஆனால் அந்த அம்மாள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவன் எழுதியதை முழுசாகக் கேட்டுப் புரிந்துகொண்ட முதல் மனுஷி அவள்தான். அவளிடம் இன்னொரு தடவை பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"அறுபத்தொண்ணு" என்றான்.

பச்சை பளிச்சென்று எரிந்தது.

தேசம்மாவின் மனதுக்குள் எத்தனை வருட ரீசார்ஜ் ஓடியதோ, யாருக்குத் தெரியும்? பிறகு பெருமூச்சு விட்டு, இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள்.

"நூத்தம்பது வெச்சுக்கோ."

"அறுபத்தொண்ணுன்னு சொல்லிட்டாரேம்மா" என்று ஜெனிபரே கேட்டுவிட்டாள்.

"அதுக்காக அறுபத்தொண்ணுக்கே கேட்டா அவன் எப்பிடிப் பொழைப்பான்? விக்கிறவன் கைல நாலு காசு நிக்கணும்மா. இல்லாங்காட்டி நாளைக்கி யாரு விப்பா?"

மணி ஐந்து அடித்தபோது வானலையின் முதல் பேரம் முடிந்திருந்தது. விஸ்வேஸ்வரன் தணிகைவேலைப் பார்த்து, "நீங்க கிளம்பலாம். இனிமே வர வேண்டாம்" என்றார். அதில் புரியாதது எதுவும் இல்லை.

தணிகைவேல் டிபன் பாக்ஸையும் மேசைமேல் இருந்த குடும்பப் படத்தையும் பையில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு வந்தான். தேசம்மா ஏற்கெனவே அங்கே நின்றாள்.

"இன்னா தம்பி, வேலை பூடுச்சா?"

தலையாட்டினான்.

"எத்தினி சம்பளம் குட்த்தாங்க?"

சொன்னான்.

"நீ எவ்ளோ கேட்டே?"

"நான் கேட்டதில்லையேம்மா. வருஷா வருஷம் ஒரு லெட்டர் வரும். அதுல போட்டிருப்பாங்க."

"பத்தொம்பது வருசமுமா? ஒருவாட்டிகூட இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுன்னு கேக்கலியா?"

"மாறாதுன்னு நினைச்சேன்."

தேசம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. அவளுடைய சொந்தக் கூடை போனால்கூட அவ்வளவு வந்திருக்காது. லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவள் ஏறவில்லை. அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு திரும்ப நடந்தாள்.

"அம்மா, உங்க நாத்தனார் காத்துக்கிட்டிருப்பாங்க."

"அவ இந்நேரம் கூடையையும் சேத்து வித்துருப்பா. நீ வா."

விஸ்வேஸ்வரன் கேசரியை அப்போதுதான் வாயில் வைத்திருந்தார். தேசம்மா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தணிகைவேலைப் பக்கத்தில் உட்கார்த்தினாள். ஜெனிபர் தூக்குப்பையை மூடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"மொதலாளி, நா இப்ப மார்க்கெட்டுக்குப் போயி, நூத்தம்பதுக்கு முடிச்சேன்னு சொல்லப்போறேன். காலைல காசிமேட்டுலேருந்து நானூறு பேரு வருவாங்க. மறுநாளு ராயபுரம், வண்ணாரப்பேட்டை வரும். எல்லாருக்கும் உன்னோட வெலை புரிஞ்சிடுச்சி. அத்தினி பேரோடயும் உக்காந்து யாரு பேசுவா? நீயா? இவன் சொன்னதுக்குத்தான் பச்சை எரிஞ்சிது."

விஸ்வேஸ்வரன் யோசித்தார். நாலு கோடி வாடிக்கையாளர்கள். நாலு கோடிப் பேரமும் அவர் கண்முன்னால் வரிசையில் வந்து நின்றிருக்க வேண்டும். இந்த ஒருத்தியைச் சமாளிக்கவே மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. கேசரியை விழுங்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிமானி பைக்குள் இருந்தாலும் அவருக்குப் புரிந்துவிட்டது என்பது நன்றாகவே தெரிந்தது.

"சரி, தணிகை இருக்கட்டும். பழைய சம்பளமே தர்றேன்" என்றார்.

"த்தோடா!" என்று தேசம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "வாப்பா போலாம். எதுத்த கம்பெனிலயும் நாளைக்கி ஆளு தேடுவாங்க."

"இருங்கம்மா, இருங்க! உட்காருங்க. பழைய சம்பளத்துக்கு மேல மூவாயிரம்."

பத்தொன்பது வருடத்தில் ஒரே சமயத்தில் மூவாயிரம் ஏறியதே இல்லை. தணிகைவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லி ஒத்துக்கொள்ள வாயைத் திறந்தான். தேசம்மா மேசைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.